போர்வையைப் பிரித்த நாள்

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். கிராஸ் ஸ்டிச் பூவேலை போடும் துணியைக் கையில் எடுத்தேன். அதில் ஊசி இல்லை.

துண்டுத்துணிப் போர்வை, பேத்திக்கு ஸ்வெட்டர், கிராஸ் ஸ்டிச் என்று மூன்றையும் ஒரே சமயத்தில் இழுத்துப் போட்டிருந்தேன். பேத்தி அழுதால் கைக்கு எட்டிய துணியில் ஊசியைக் குத்திவிட்டு ஓடுவேன். கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும் வயது அவளுக்கு. அந்தத் துணிகளின் நடுவில்தான் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தேன். சிரித்தாள். தொட்டிலில் போட்டுவிட்டுத் தேடினேன். ஊசி வெளியே கிடைத்தால்தான் அவள் வயிற்றில் இல்லை என்ற நிம்மதி. மகளைக் கூப்பிடவும் வழியில்லை; சுங்குவார்சத்திரத்தில் அவள் லைனில் நின்று பாகங்கள் பூட்டும் ஆலையில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

பக்கத்து வீட்டு மல்லிகா எட்டிப் பார்த்தாள். “இன்னாக்கா, வூட்டையே பொரட்டிகினு கீற?”

“கரப்பான் மருந்து வெக்கப் போறேன்மா” என்றேன். குழந்தையைப் பார்க்கத் தெரியாதவள் என்று பெயர் வந்துவிடுமே என்ற பயம்.

கிடைக்காமல் எழுந்திருப்பதில்லை என்று கத்தரிக்கோலை எடுத்தேன். மாதக்கணக்கில் தைத்த போர்வையைத் தையல் தையலாகப் பிரித்தேன். ஒரு மூலையில், உள்ளே அடைத்த பஞ்சுக்குள் முழுதாகப் புதைந்திருந்தது ஊசி. அதை எடுத்து டப்பாவில் போட்டு மூடினேன்.

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி மகள் வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எங்க லைன்ல ஒரு ஸ்குரு காணோம்னாகூட லைனையே நிறுத்திட்டு எல்லாரும் சேந்து தேடுவோம். நீ ஏம்மா ஒண்டியா தேடுன?”