பனிக்குள் எத்தனை செடி

பஸ்ஸில் பக்கத்து ஆளின் ஈர ஸ்வெட்டர் நாற்றம் மூக்கில் ஏறியதும் என்னால் உட்கார முடியவில்லை. சின்ன வயதில், எங்கள் ஸ்வெட்டர்களின் இதே நாற்றத்துக்குள்தான், கணக்கு என்றாலே பெஞ்சில் நெளிந்த எங்களை எஸ்டேட் பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு விரட்டி, "இப்ப எத்தனை தேயிலைச் செடி தெரியுது? எப்படி எண்ணுனீங்கன்னு சொல்லுங்க கண்ணுங்களா" என்பார் டீச்சர். மூடுபனி நகர நகர எண்ணிக்கை மாறும், ஆளுக்கொரு விடை, எதுவும் தப்பில்லை, வாயே திறக்காத செல்விகூட, "ஏழுங்க டீச்சர்! இல்லீங்க, அஞ்சு!" என்று கத்துவாள்.

பள்ளிக்கூடம் இருந்த வளைவில் இறங்கி, பனி விலகும்வரை குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

விலகியது. சரிவு முழுக்கக் காட்டேஜ்கள். ஒரு செடிகூட இல்லை. இன்று யார் எண்ணினாலும் ஒரே விடைதான்.