அலுவலில்லாத நடை

"எங்க ஓய் போறீங்க?" என்று கேட்டால், "இஞ்சதான், திரும்பி வாறதுக்கு" என்று சொல்லிவிட்டு நடக்கிற மனுசனை விடியற்காலையில் முதல் முகமாகப் பார்ப்பது அபூதாஹிருக்கு ஒரு நாளும் பிடித்ததில்லை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நிலாவெளி றோட்டில் தான் பாடுபட்டுக் கட்டிய தேத்தண்ணிக் கடையை அந்த மனுசன் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிவாசல் மரைக்கார் வாங்கில் குந்திப் பணிஸ் தின்றுகொண்டிருக்கும்போது, "தவறணை" என்று சொன்னதைத்தான் இத்தனை வருசமாகியும் அவரால் விழுங்க முடியவில்லை.

சொன்னவர் சிவபாதம். தவறணை என்றால் சாராயக் கடை; சொன்னவரோ சாராயப் போத்தலைத் தொட்டும் பாராத ஆள். கோபத்தில் சொன்னாரா என்றால் அதுவும் இல்லை. பாராட்டாகத்தான் சொன்னார்.

"அங்க எல்லா நடையும் கோயில் வாசல்ல தொடங்கித் தவறணையில முடியும், மரைக்கார். இஞ்ச எனக்குக் காக்காட கடைதான் தவறணை."

குறிஞ்சாக்கேணியிலிருந்து வந்து கடை போட்ட அபூதாஹிரை, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, ஊர் காக்கா என்றுதான் கூப்பிடும். மரைக்கார் பாதிப் பணிசைக் கோப்பைத் தட்டில் வைத்துவிட்டு அந்தக் காக்காவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு போத்தல் அடுக்கியிருந்த அலுமாரியையும் பார்த்தார். அதில் இருந்தது ஒறேஞ்ச் பார்லியும் சோடாவும். இருந்தாலும் பார்த்தது பார்த்ததுதானே.

"அங்க" என்று சிவபாதம் சொன்னால் அது இங்கிலாந்து. வெள்ளைக்காரனின் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது, இவர் எந்தத் துரையின் குசினியில் வேலை பார்த்தாரோ அந்தத் துரை இவரையும் கையோடு கூட்டிக்கொண்டு போனான். லண்டனை இவர் ரயில் ஜன்னலால் கண்டதோடு சரி. போய் இருந்தது ஒரு பட்டிக்காட்டில். ஆட்களை விடச் செம்மறி கூட. சீமைக்குப் போனவன் மணிக்கூடு கொண்டுவருவான், கம்பளிச் சட்டை கொண்டுவருவான். துரை செத்த பிறகு கப்பலேறி வந்த சிவபாதம் கொண்டுவந்தது ஒரு பழக்கத்தை. சும்மா நடக்கிற பழக்கம்.

நடக்காத ஊரா இது? தண்ணிக்கு நடக்கிறார்கள், விறகுக்கு நடக்கிறார்கள், தோணிக்கு நடக்கிறார்கள். ஆனால் கையில் ஒன்றும் இல்லாமல் புறப்பட்டு, ஒருவரையும் சந்திக்காமல், ஒன்றும் வாங்காமல், ஒரு பெரிய வட்டம் போட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறவனை என்னவென்று எடுப்பது? முதலில் சி.ஐ.டி. என்று சந்தேகப்பட்டார்கள். சி.ஐ.டி. என்றால் இவ்வளவு வெளிப்படையாக வராது என்று கண்டபிறகு, மண்டையில் குளிர் அடித்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள்.

காக்கிக் களிசான், முழங்கால் வரை இழுத்துவிட்ட காலுறை, அதற்குக் கீழே ரயர்ச் செருப்பு. கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் கோத்திருக்கும். கடைக்கு எதிரே தொடங்கித் தென்னங்காணிக்குள்ளால் கடற்கரைக்கு இறங்கி, மணலோடு மணலாகச் மீன்பிடி ஊரான சல்லியின் அம்மன் கோயில்வரை போய், உப்புநீர்க் களப்பு ஓரமாக வளைந்து திரும்பவும் கடைக்கு வருவது சின்னச் சுற்று. கன்னியா வெந்நீர்க் கிணறுகளைத் தொட்டு அன்புவழிபுரத்தால் வருவது பெரிய சுற்று. ஒருமுறை திரியாய் மலைக்குப் போய், கால் ஏலாமல் பஸ்ஸில் திரும்பி வந்தார். "அது கணக்கில்லை" என்று அவரே சொல்லிவிட்டு அடுத்த கிழமை மறுபடியும் போனார்.

வழியில் கண்ட எல்லாரிடமும் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுவார். அங்கே அப்படித்தானாம்.

"நல்ல வெயில், என்ன?"

"நேத்தும் இதே வெயில்தான் அண்ணை," என்பார்கள் வலை உதறுகிற சல்லிப் பெண்கள். "எங்களிட்ட வேற வெயில் இல்லை."

அவர் மனைவி பூரணியின் வழக்கு வேறு. "இவ்வளவு தூரம் போய் வாறியள், வரேக்க ஒரு கட்டு விறகு கொண்டு வந்தா என்ன, காலே முறிஞ்சு போகும்?" என்று ஒருநாள் கேட்டாள். நியாயமான கேள்வி. சிவபாதம் யோசித்தார்.

"விறகுக்குப் போறது வேற நடை, பூரணி. இது வேற நடை."

சொன்னபடியே சின்னச் சுற்றை முடித்து, கடையில் பிளேன்டீ குடித்து, வீட்டுக்குப் போய்க் களிசானைக் கழற்றிச் சாரத்தைக் கட்டிக்கொண்டு, அதே வழியால் இரண்டாம் முறை போய் விறகு கொண்டுவந்தார். இன்றுவரை அப்படித்தான். அபூதாஹிர் அதைக் கடை வாசலில் இருந்து பார்த்து, "மண்ட பழுது எண்டாலும் ஒரு ஒழுங்கான பழுது" என்று ஒத்துக்கொண்டார்.

பகிடியாக இருந்த காரியம் தென்னங்காணி கைமாறியபோது பகிடி இல்லாமல் போயிற்று. கொழும்பு முதலாளி ஒருவர் அதை வாங்கி, வெள்ளைக்காரர் வந்து தங்க அறைகள் கட்டி, றோட்டோரம் முழுக்க முட்கம்பி அடித்தார். சல்லியில் இருக்கிற வல்லிபுரத்தைக் காவலுக்கு வைத்தார். காணிக்குள்ளால் போன ஒற்றையடிப் பாதைதான் அபூதாஹிரின் வயிறு. சல்லிக் கரைவலைக்காரர் விடியமுன் மீனோடு அந்த வழியால்தான் ஏறி வருவார்கள், ஐஸ் லொறி கடை வாசலில் நிற்கும், மீனைக் கொடுத்துத் தேத்தண்ணி குடித்துப் பீடி பற்றுவார்கள். கம்பி அடித்த மறுநாளே அவர்கள் சுற்றிக்கொண்டு அடுத்த சந்திக்குப் போனார்கள். லொறியும் போயிற்று. அந்தச் சந்தியிலும் ஒரு கடை இருக்கிறது. அபூதாஹிரின் கேத்தல் கொதித்துக் கொதித்து வற்றியது.

பெரிய ஆட்களிடம் போய் நின்றார். பாதைக்கு உறுதிப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். பாதைக்கு யார் உறுதி எழுதி வைத்திருக்கிறான்? கம்பியை அறுப்போம் என்றார்கள் சல்லிப் பொடியன்கள். அறுத்தால் பொலிஸ் வரும் என்றார்கள் அவர்களின் தகப்பன்மார்.

சிவபாதம் ஒருவரிடமும் போகவில்லை. உடைந்த தோணி ஒன்றின் பலகைகளை எடுத்து, கம்பிக்கு இந்தப் பக்கம் இரண்டு படி, அந்தப் பக்கம் இரண்டு படி, மேலே கால் வைக்க ஒரு குறுக்குப் பலகை என்று அடித்து நிறுத்தினார். பட்டப்பகலில், வல்லிபுரம் பார்த்துக்கொண்டு நிற்க.

"என்ன அண்ணை இது, ஆரைக் கேட்டுச் செய்யிறியள்?"

"வேலி முதலாளிட. அதில நான் கை வைக்கேல்லை, பார். நடை ஆக்களிட. ஒரு வழியால ஆக்கள் நடந்துகொண்டிருக்கிற மட்டும் அதை ஒருத்தரும் மூட ஏலாது. நடக்கிறதை விட்டாத்தான் அது சாகும். அங்க கோதுமை வயலுக்குள்ளாலயே போவம். வயல்காரன் தொப்பியைக் கழட்டி வணக்கம் சொல்லுவான்."

அது அங்கத்தைச் சட்டம், இங்கே செல்லாது என்பது சிவபாதத்தின் மண்டையில் ஏறவே இல்லை. சூரியன் கிழக்கில் உதிக்கிற மாதிரி உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒன்று என்றுதான் அவர் எண்ணியிருந்தார். வல்லிபுரத்துக்கு இரண்டு சட்டமும் தெரியாது. சீமைக்குப் போய் வந்த மனுசனோடு எதற்கு வாய் கொடுப்பான் என்று விட்டுவிட்டார்.

முதலாளியின் கார் வந்த நேரம்தான் வேடிக்கை. அவரிடம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் அந்தப் படியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். சிவபாதம் கை கொடுத்துக்கொண்டிருந்தார். கிழவிக்குக் கண் கலங்கிவிட்டது. தன் ஊரிலும் வேலிக்கு வேலி இதே படிதானாம், இங்கே இப்படிச் செய்துவைத்த புண்ணியவான் நீங்களா என்று முதலாளியின் கையைப் பிடித்து ஆட்டினாள். உதைத்து உடைக்க வந்த மனுசன், கை பிடிபட்ட நிலையில் என்ன செய்வார்? ஆமாம், காற்று வாங்க நடக்கிற எல்லாருக்கும் என் காணி திறந்ததுதான் என்று இளித்தார். அவர்கள் போனபிறகு வல்லிபுரத்தைக் கூப்பிட்டுத் திருத்தமாகச் சொன்னார்: சும்மா நடக்கிறவனை விடு, அலுவலாகப் போகிற ஒருவனும் இதில் கால் வைக்கக்கூடாது.

(அந்தக் கிழவனும் கிழவியும் நடை முடிவில் அபூதாஹிரின் கடைக்கு வந்து, மிகவும் சந்தோசமாக, இரண்டு பியர் கேட்டார்கள். சிவபாதம் அவர்களுக்கும் தவறணை என்றுதான் சொல்லிக் கூட்டிவந்திருந்தார். அன்றும் வெள்ளிக்கிழமை.)

சல்லிக்காரருக்கு இந்தச் செய்தி எட்ட அதிக நேரம் பிடிக்கவில்லை. அடுத்த நாள் விடியமுன் தென்னைகளுக்கு நடுவே ஒருவன் மெதுமெதுவாக வந்தான். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால்.

"எங்கையடா?" என்றார் வல்லிபுரம்.

"சும்மா மாமா. காத்து வாங்க. நல்ல வெயில், என்ன?"

"இன்னும் விடியேல்லை, பேயா."

அவனுக்குப் பின்னால் இன்னொருவன். அவனுக்குப் பின்னால் நாலைந்து பேர். எல்லாரும் நெஞ்சை நிமிர்த்தி, அண்ணாந்து தென்னை ஓலைகளைப் பார்த்தபடி, துரைமார் மாதிரி. பின்னால் கோத்த கையில் பனையோலைப் பை ஒன்று, உமல், தொங்கும். முன்னுக்கு நின்று பார்த்தால் உல்லாச நடை, பின்னுக்கு நின்று பார்த்தால் பாரைமீன் வால். வல்லிபுரம் முன்னுக்குத்தான் நிற்பார். ஆள் கடந்து போகிற நேரம் பார்த்து அவருக்குப் பீடி பற்றவைக்கக் குனிய வேண்டி வரும். ஐஸ் லொறி பழைய இடத்துக்கு வந்தது. கேத்தல் வற்றவில்லை.

இதில் சிவபாதத்துக்கு இருந்த சந்தோசத்தைத்தான் அபூதாஹிரால் பார்க்க முடியவில்லை. "பாத்தியளே காக்கா? சல்லியில சனம் நடக்கத் தொடங்கிட்டுது. நான் ஒரு ஆள், எத்தினை வருசமாச் சொன்னனான்!" என்பார். இந்த மனுசனுக்கு உமல் கண்ணில் படவில்லையா, பட்டும் படாததுபோல இருக்கிறாரா? அபூதாஹிர் கேட்கவில்லை. கேட்கப் போய், அதுவரை தெரியாமல் இருந்தவர் தெரிந்துகொண்டு, நடையைக் கெடுத்துவிட்டார்கள் என்று படியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டால்? மண்டைப் பழுதான ஆளை நம்ப முடியாது.

இந்த மாரிக்கு வெள்ளைக்காரர் எல்லாம் போய்விட்டார்கள். முதலாளி ஆள் அனுப்பினார்: நடக்க ஆள் இல்லாவிட்டால் அந்தப் படி எதற்கு, கழற்றி விறகாக்கு. வல்லிபுரம் அன்றே சிவபாதத்திடம் வந்தார்.

"அண்ணை, பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. சம்பளம் தாற மனுசன். ஒரு ஆள் நடந்தாலும் நடக்கினம் எண்டு சொல்லுவன். இல்லையெண்டா கழட்டத்தான் வேணும்."

அன்றுமுதல் கொட்டுகிற மழையில், துரையின் பழைய குடையைப் பிடித்துக்கொண்டு, சிவபாதம் ஒரு நாளும் விடாமல் நடந்தார். களப்புத் தண்ணி றோட்டுக்கு ஏறிய நாளிலும் நடந்தார். மழைக்குள் நின்று, "நல்ல மழை, என்ன?" என்று வல்லிபுரத்திடம் சொல்லிவிட்டுப் படியேறினார். முந்தநாள் தண்ணிக்குள் கிடந்த முறிந்த மட்டை ஒன்று காலுறையையும் கிழித்துக் குதிக்காலில் ஏறிவிட்டது. கால் பூசணிக்காய்.

நேற்று அபூதாஹிர் ஒரு றாத்தல் பாணோடு பார்க்கப் போனார். கதிரையில் சிவபாதம். காலைத் தூக்கி ஒரு பெட்டிமேல் வைத்திருந்தார். பூரணி பத்துப் போட்டிருந்தாள்.

"முதலாளி நாளைக்கு வாறாராம் காக்கா. இண்டைக்கு ஒரு ஆளும் நடக்கேல்லை."

"சல்லிப் பொடியன்மார்ல ஒருத்தன நடக்கச் சொல்றதுதானே?"

"எல்லாரும் வயல் கூலிக்குத் திரியாய்ப் பக்கம் போயிட்டாங்கள். ஒருதரும் இல்லை." சிவபாதம் அபூதாஹிரின் பக்கம் திரும்பினார். "நீங்க ஒருக்காச் சின்னச் சுற்று போட்டிட்டு வரவேணும்."

"எனக்கா செல்றீங்க? பள்ளிக்கும் கடைக்கும் தவிர நடந்தவனில்ல ஓய் நான். இந்த வகுத்தத் தூக்கிட்டு அந்தப் படியில எப்பிடி ஏற?"

"மெல்ல ஏறுங்கோ. அவசரமில்லாததுதான் இந்த நடை."

அபூதாஹிர் பூரணியைப் பார்த்தார். அவள் மேலே பார்த்தாள். அடுத்த சந்திக் கடையை ஒருமுறை நினைத்துப் பார்த்தார். பிறகு பெருமூச்சோடு எழுந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவரில் தொங்கிய உமலை எடுத்துக் கமக்கட்டில் செருகினார்.

"போறதுதான் போறன். சல்லிப் பக்கம் கொஞ்சம் கருவாடாவது பாத்து எடுத்துட்டு வாறன்."

சிவபாதம் கையை நீட்டி அந்த உமலை உருவினார்.

"அவங்களுக்குப் பின்னால கை கோக்கத் தெரியும், காக்கா. வால் எட்டிப் பாத்தாலும் பாக்காத மாதிரி நடக்கத் தெரியும். உங்கட கை பின்னால எட்டாது." உமலை நாலாக மடித்தார். "வெறுங்கையோட போங்கோ. ஒரு அலுவலும் கொண்டு போகாதேங்கோ. வல்லிபுரத்தைக் கண்டா மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கோ. வேற ஒண்டும் கேக்கேல்லை நான்."

மடித்த உமலைப் பெட்டிமேல் வைத்து, வீங்கிய காலைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டார்.