நாலாம் வரியில் இருமல்

சிறுபோக நெல் விதைப்புக்குத் தண்ணீர் விடக் குளத்துத் துருசுக் கதவைத் திறக்கும் நாளில் எங்கள் கமக்காரர் பாடும் பாட்டை எழுதியவன் நான். பன்னிரண்டு வரி, நாட்டையும் மண்ணையும் பற்றியது. துருசு எத்தனை மணிக்குத் திறந்தது, யார் தேங்காய் உடைத்தார், கடைசி வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது போய்ச் சேர்ந்தது என்று ஒவ்வொரு வருடமும் குறிப்பேட்டில் எழுதி வைப்பவனும் நான்தான். எதையும் தவறவிட்டதில்லை என்று இந்தச் சித்திரை வரை நம்பியிருந்தேன்.

பாட்டை முன்னுக்கு நின்று பாடுபவர் எங்கள் வாய்க்காலில் இரண்டு ஏக்கர் வயல் செய்யும் ஒரு பெண். அவருடைய பெற்றோர் மலையகத்திலிருந்து வந்து ஸ்கந்தபுரத்துப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர்கள், ஞாயிறுகளில் தேவாலயம் போகும் வேதக்காரர். அவர் பாடினால் ஒலிபெருக்கி இல்லாமலே அணைக்கட்டின் மறுமுனைக்குக் கேட்கும்.

துருசு திறக்க மூன்று நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் மல்லாவியில் பாட்டை இருநூறு பிரதி எடுத்துக்கொண்டு வந்து சைக்கிளை நிறுத்தினேன். எங்கள் வீட்டுப் படலையடியில் அவர் நின்றார்.

“அண்ணை, இந்த முறை நான் பாடேல்லை. வேற ஆரையும் கேளுங்கோ.”

“ஏன் தங்கச்சி, போன வருச இருமல் இன்னும் விடேல்லையோ?”

“எனக்கெங்க அண்ணை இருமல்? அந்த நாலாம் வரிக்குத்தான் இருமினனான். முன்னுக்கு நிண்டு வாயை மூடினா எல்லாருக்கும் தெரியும்தானே.”

நாலாம் வரி இதுதான்: ‘நீறு பூசும் நெற்றியெல்லாம் நிமிர்ந்து நிற்கும் நாடு.’

“அது சமயமில்லை, எங்கட பண்பாடு,” என்றேன்.

“எங்கட நெத்தியில நீறில்லை. அப்ப நாங்கள் குனிஞ்சோ நிக்கிறது?”

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைக் கூடுதலாக உலுக்கியது.

“இவ்வளவு நாளும் சமாளிச்சனான். இந்த முறை மகளும் என்னோட நிண்டு பாடப்போறாளாம். அவளுக்கும் இருமப் பழக்கிறதோ?”

அவர் போனபின் பழைய குறிப்பேடுகளை எடுத்தேன். ஒரு வருடம்: ‘நாலாம் வரியில் இருமல். தூசியாக இருக்கலாம்.’ அடுத்த வருடம்: ‘மீண்டும் இருமல், அதே இடம்.’ போன வருடம்: ‘இருமல். கொத்தமல்லிச் சரை ஒன்று சுற்றிக் கொடுத்தேன்.’ அதே இடம் என்று என் கையாலேயே எழுதி, அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

அந்தப் பாட்டை நான் எழுதியதே ஒரு அவமானத்தில்தான். அரசாங்கக் கந்தோரில் வேலை செய்த காலத்தில் ஒரு விழாவுக்கு வெளியூர்ப் பாடகர் குழு வந்தது. இந்த நாடு தங்கள் சமயத்துக்கென்றே அருளப்பட்டது என்று அவர்கள் பாடினார்கள். எல்லாரோடும் எழும்பி நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து, எங்கள் ஆட்கள் வாய் திறந்து பாட ஒரு பாட்டு வேண்டும் என்றுதான் பேனையை எடுத்தேன். யார் எங்கள் ஆட்கள் என்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவே இல்லை.

புதன்கிழமை காலை கமக்காரர் அமைப்பின் தலைவரிடம் போய், நாலாம் வரியை எடுக்கவேண்டும் என்றேன்.

“ஒரு ஆளுக்காக ஊர்ப்பாட்டை வெட்டுறதோ? உங்களுக்கு வெயில் பட்டிட்டுது அண்ணை!”

“நான் எழுதினது, நான் வெட்டுறன்.”

“வெட்டுங்கோ. பிறகு சனம் கேட்டா நீங்களே மறுமொழி சொல்லுங்கோ.”

வீட்டு முற்றத்தில் கதிரையைப் போட்டு, அளவுகோல் வைத்து, இருநூறு தாளிலும் அந்த வரியைக் கறுப்பு மையால் வெட்டினேன். மாற்று வரி எழுதிப் பார்த்தேன். எதுவும் தேறவில்லை. பாட்டு இனிப் பதினொரு வரி என்று அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன்.

“அப்ப வாறன்,” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு பத்துக்குத் துருசடியில் கூடினோம். அவர் முன்னுக்கு நின்றார். பக்கத்தில் மகள், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு. நான் இரண்டாம் வரிசையில் நின்றேன். முதல் மூன்று வரியும் அவர் குரலில் குளத்துக்கு மேலே போயின. பிறகு ஐந்தாம் வரிக்கு அவர் மூச்செடுத்தார்.

அந்த ஒரு மூச்சுக்குள் பின்னால் நின்ற சனம் நாலாம் வரியைத் தொடங்கிவிட்டது. அவர்கள் கையில் நான் வெட்டிய தாள் இருந்தது. யாரும் தாளைப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் மனப்பாடம். சனத்தின் குரலுக்குள் மிகக் கிட்டக் கேட்ட ஒரு குரல் என்னுடையது என்று, ‘நிமிர்ந்து நிற்கும்’ என்ற இடத்துக்கு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. வாயை மூடினேன். வரி முடிந்திருந்தது.

அவர் இருமவில்லை. மகளின் கையைப் பிடித்தபடி, உதடு சேர்த்து, நேராக நின்றார். சனம் முடித்ததும் ஐந்தாம் வரியைத் தொடங்கினார்.

தண்ணீர் வாய்க்காலில் இறங்கியபின் அவரிடம் போனேன். அவர்தான் முதலில் கதைத்தார்.

“அண்ணை, அந்த இடத்தில உங்களுக்கெண்டாலும் ஒரு இருமல் வந்திருக்கலாம்.”

அவர் சிரிக்கவில்லை. மகள்தான் சிரித்தாள்.