மஞ்சுவுக்கு எதிர் நாற்காலி

போன வாரம் என் மூக்குக்கண்ணாடியின் கால் உடைந்துவிட்டது. கிருஷ்ணகிரியில் நான் வேலை பார்க்கும் மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் இப்போது சீசன்; கண்ணாடிக் கடைக்குப் போக நேரமில்லை. மேசை டிராயரில் கிடந்த ஐந்து ரூபாய்ப் பசை டியூபை எடுத்து ஒரு சொட்டு விட்டேன். கண்ணாடி ஒட்டியதோ இல்லையோ, என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நன்றாக ஒட்டிக்கொண்டன. அந்தப் பசையின் வாடையைக் கவனித்திருக்கிறீர்களா? கண்ணைக் கரிக்கும். தொழிற்சாலை முழுக்க மாம்பழம் மணக்கிறது, அதையும் தாண்டி அந்த வாடை மூக்கில் ஏறியதும் ஓசூரில் ஒரு மொட்டைமாடி ஞாபகத்துக்கு வந்தது. தகரக் கூரை போட்ட அறை. உள்ளே ஆறடிக்கு நாலடியில் ஒரு மேசை. அதன்மேல் கட்டைவிரல் உயரத்தில் இரண்டு சேனைகள்.

நான் சிங்காரப்பேட்டைக்காரன். டிப்ளமோ முடித்த கையோடு ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில், அச்சும் கருவியும் செய்கிற டூல் ரூமில் சேர்ந்தேன். பாகலூர் ரோட்டில் ஒரு அறை. மூன்று பேர் பங்கு, மூன்று பேருக்கும் வேறு வேறு ஷிஃப்ட். நான் வேலைக்குக் கிளம்பும்போது ஒருவன் தூங்கிக்கொண்டிருப்பான், திரும்பி வரும்போது இன்னொருவன் தூங்கிக்கொண்டிருப்பான். எட்டு மாதம் கூட இருந்தவர்களின் குறட்டை எனக்குத் தனித்தனியாகத் தெரியும், குரல் சரியாகத் தெரியாது. ஒருநாள் டீக்கடையில் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். யாரென்று பிடிபடாமல் நானும் சிரித்து வைத்தேன். டீ குடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது, என் ரூம்மேட். அவர் கண்ணைத் திறந்து நான் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் கஷ்டம். வாரநாளில் மெஷின் சத்தம் இருக்கும், சூப்பர்வைசர் திட்டுவார், எப்படியோ பொழுது போய்விடும். ஞாயிறு காலையில் துணி துவைப்பேன், சாப்பிடுவேன், மறுபடி தூங்கப் பார்ப்பேன். துவைப்பதற்கு ஒன்றுமில்லாமல் ஒருமுறை தலையணை உறையைத் தொடர்ந்து இரண்டு வாரம் துவைத்திருக்கிறேன்.

அப்படி ஒரு ஞாயிறு, வேலை எதுவும் இல்லாமலே, டிரில் பிட் விற்கும் கடையில் போய் நின்றுகொண்டிருந்தேன். இரும்பு வாடைக்குப் பழகினவன் வேறு எங்கே போவான்? அங்கே கண்ணாடி போட்ட ஒருவர் கடைக்காரரிடம் அரை மில்லிமீட்டர் டிரில் பிட் கேட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரர் அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லை என்று சாதித்தார். நான் இடையில் புகுந்தேன்.

"இருக்குதுங்க. எங்க டூல் ரூம்ல இருக்குது. ஆனா அரை எம்எம் எதுக்குங்க?"

"சிப்பாய் கையில ஈட்டி சொருகணும்," என்றார் அவர், கேலி எதுவும் இல்லாமல்.

அவர் பெயர் கிஷோர். வேலை பெங்களூரில், கம்ப்யூட்டர் கம்பெனி. வாடகை குறைவென்று குடியிருப்பது ஓசூரில். அன்றைக்கே கூட்டிப்போய்க் காட்டினார்; மாடி அறையில் ஒரு பிரிண்டர் வைத்திருந்தார். அது காகிதத்தில் அச்சடிக்காது, பிசின் மாதிரி ஒரு திரவத்திலிருந்து சிப்பாய்களை ஒவ்வொன்றாக எழுப்பும். கை ஒரு பக்கம், கவசம் ஒரு பக்கம் என்று வரும், பசை போட்டு ஒட்டி, பெயிண்ட் அடித்து, மேசையில் நிறுத்தி யுத்தம் செய்ய வேண்டும். சதுரங்கம் போலக் கட்டம் கிடையாது. மேசைதான் நிலம், தெர்மாகோல்தான் மலை. டேப் வைத்து அளந்து நகர்த்த வேண்டும்: காலாட்கள் ஆறு இன்ச், குதிரைகள் பன்னிரண்டு இன்ச். எதிராளியின் ஆளைத் தொட்டால் சண்டை, சண்டையில் யாருக்கு என்ன ஆகும் என்பதைப் பகடை சொல்லும். வளர்ந்த ஆட்கள் பொம்மை வைத்து விளையாடுகிறார்களே என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த ஞாயிறு மணி பார்த்துக் கிளம்பினேன்.

என் சேனை குதிரைப்படை. ஊரில் எங்கள் வீட்டில் இரண்டு எருமைகள்தான் இருந்தன, அந்தக் குறையோ என்னவோ. நல்ல பெயிண்ட் விலை அதிகம். டூல் ரூமில் இரும்பில் கோடு கிழிப்பதற்கு முன்னால் பூசுகிற நீல மை இருக்கும், அதையே பூசிவிட்டேன். குதிரைகளும் நீலம், அதன்மேல் இருந்தவர்களின் முகமும் நீலம். கிஷோர் பார்த்துவிட்டு, "என்னங்க, எல்லாருக்கும் விஷம் வெச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

ஞாயிறுதோறும் அங்கே இன்னும் நாலைந்து பேர் ஆட வருவார்கள். அவர்களில், மற்ற யாரும் எதிரே உட்கார்ந்து ஆட விரும்பாத ஒருவன் இருந்தான். மஞ்சுநாத். ஆனேக்கல் பக்கத்துக்காரன், வீட்டில் கன்னடம், எங்களோடு பேசுவது கன்னடம் தடவிய தமிழ். என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும், ஆனால் எல்லோரையும் 'குரு' என்றுதான் கூப்பிடுவான். வேறொரு கம்பெனியில் அளவு பார்க்கும் அறையில் வேலை. இரும்பு விரியக்கூடாது என்று அந்த அறையில் வருஷம் முழுக்க ஒரே குளிர் வைத்திருப்பார்கள். கதவைத் திறந்து யாரும் சும்மா உள்ளே வரக்கூடாது. எட்டு மணி நேரம் அவன் தனியாக உட்கார்ந்து, மற்றவர்கள் செய்ததில் தலைமுடியில் ஒரு பங்கு கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று பார்ப்பான். வீட்டில் அண்ணன் குடும்பம். "சாப்பாடு மூடி வெச்சிருப்பாங்க குரு. எடுத்துப் போட்டு உண்பேன்," என்று ஒருமுறை சொன்னான். அதற்குமேல் வீட்டைப் பற்றி அவன் பேசியதில்லை.

அவனுடைய சேனை காலாட்படை. பெயிண்டே கிடையாது, பிரிண்டரில் வந்த சாம்பல் நிறம்தான். ஆனால் ஒவ்வொரு சிப்பாயின் அடித்தட்டிலும் ஊசியால் எண் கீறியிருப்பான், ஒன்று முதல் முப்பத்தாறு வரை. ஆட்டம் முடிந்ததும் அந்த வரிசையில்தான் பெட்டிக்குள் திரும்ப வைப்பான். ஆடும்போது பேசமாட்டான், அவசரப்படமாட்டான். நான் டேப்பை இழுப்பதற்கு முன்பே அவனுக்குத் தூரம் தெரிந்திருக்கும். என் குதிரைகள் பாயக்கூடிய எல்லைக்கு ஒரு விரல்கடை வெளியே அவன் ஈட்டிக்காரர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். நான் கிட்டே போனால் குத்துவார்கள், போகாவிட்டால் மெல்ல நெருக்குவார்கள். மற்றவர்கள் ஒருமுறை ஆடிவிட்டு மறுமுறை தலைவலி என்பார்கள். "மஞ்சுகூட ஆடறது லீவு நாள்ல ஓவர்டைம் பண்ற மாதிரி இருக்குதுப்பா," என்றார் கிஷோர்.

எனக்கு அந்த ஓவர்டைம் தேவையாக இருந்தது. பதினோரு ஞாயிறு அவனுக்கு எதிரே உட்கார்ந்து பதினோரு முறையும் தோற்றேன். ஆட்டத்துக்கு முன்னால் "ஊட்டா ஆய்தா?" என்று கேட்பான், சாப்பிட்டாயா என்று. அவரைப் பருப்பு மிக்ஸர் ஒரு பொட்டலம் எடுத்து வந்து நடுவில் வைப்பான். அந்தக் கேள்வியை வாரத்தில் வேறு யாரும் என்னிடம் கேட்டதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஜெயிக்க வேண்டும் என்பது மட்டும்தான் மண்டையில் ஓடியது. டூல் ரூமில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும், நான் வேஸ்ட் பேப்பரில் மஞ்சுவின் படையை வரைந்துகொண்டிருப்பேன். சூப்பர்வைசர் அதைப் பார்த்துவிட்டு இரும்பைப் பிடித்து நிறுத்த ஏதோ புது ஃபிக்சர் யோசிக்கிறேன் என்று பாராட்டினார். நானும் தலையாட்டிவிட்டேன்.

பன்னிரண்டாவது ஞாயிறு கோடை மழை. ஓசூர் மழை தகரக் கூரையில் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அன்றைக்கு என் பகடை நன்றாக விழுந்துகொண்டிருந்தது. மஞ்சுவின் இடது பக்கம் ஆள் குறைந்து, கொடிக்காரன் கிட்டத்தட்டத் தனியாக நின்றான். கொடி விழுந்தால் படை கலைந்துவிடும். அடுத்த முறை என்னுடையது. என் நான்கு குதிரைகளில் ஒன்று போய் அவனைத் தொட்டால் போதும். அந்த நேரம் மஞ்சுவுக்கு போன் வந்தது. மழையில் கேட்காமல், மன்னிப்புக் கேட்பதுபோலக் கையைக் காட்டிவிட்டுப் படியிறங்கிப் போனான். கிஷோர் கீழே காபி போட்டுக்கொண்டிருந்தார். மற்றவர்கள் மூலையில் பெயிண்ட் அடிப்பதில் குனிந்திருந்தார்கள்.

டேப்பை எடுத்து அளந்தேன். பன்னிரண்டரை.

அரை இன்ச் பற்றாது. எங்கள் டூல் ரூமில் அரை இன்ச் என்பது ஒரு தாலுக்கா. நான் யோசித்துத் தீர்மானித்தேன் என்று சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் கொஞ்சம் கௌரவமாகவாவது இருக்கும். விரல் நீண்டது, முன்னால் நின்ற குதிரையைத் தள்ளியது, அவ்வளவுதான். பிறகு கையை எடுத்து மிக்ஸர் பொட்டலத்தில் விட்டு, நாலு பருப்பை வாயில் போட்டுக்கொண்டேன். உப்பு தெரியவில்லை.

மஞ்சு வந்தான். கண்ணாடியில் இருந்த மழைத்துளியைச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டான். மேசையைப் பார்த்தான். அவன் பார்வை மலை, ஈட்டிக்காரர்கள், கொடிக்காரன் என்று வழக்கம்போல வந்து, என் முதல் குதிரையில் நின்றது. அதன்பிறகு என்னைப் பார்த்தான். நான் பருப்பு மென்றுகொண்டிருந்தேன்.

"உன் முறை குரு."

டேப்பை இழுத்தேன். முனை நழுவியது. மஞ்சு குனிந்து, அந்த முனையைத் தன் விரலால் கொடிக்காரனின் காலடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"பன்னெண்டு," என்றேன்.

"பன்னெண்டு. சரியா இருக்குது."

பகடை எனக்கே விழுந்தது. கொடி சாய்ந்தது, படை கலைந்தது. காபியோடு வந்த கிஷோர் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் முதுகில் அறைந்தார். மற்றவர்கள் எழுந்து வந்து கை கொடுத்தார்கள். மஞ்சுவும் கொடுத்தான். "நல்லா ஆடின," என்றான். பிறகு உட்கார்ந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று தன் சிப்பாய்களை எண் பார்த்துப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினான். முப்பத்தாறும் முடிகிறவரை நான் அங்கே நிற்கவில்லை. மழை விடுவதற்குள் கிளம்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு ஊருக்குப் போனேன். அம்மா, "அங்க உனுக்குப் பழக்கம்னு யாரு இருக்கறாங்க?" என்று கேட்டாள். "யாருமில்லம்மா," என்றேன். அதற்கடுத்த ஞாயிறு கிஷோர் போன் செய்தபோது, சானமாவுக் காட்டிலிருந்து ரோட்டுக்கு யானை இறங்கி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள் என்று புளுகினேன்.

"நீங்க இருக்கறது பாகலூர் ரோட்டுல. சானமாவு ஊருக்கு அந்தப் பக்கம், நடுவுல எங்கங்க வந்துச்சு?"

பொய் சொல்வதற்கும் கொஞ்சம் பூகோளம் தெரிந்திருக்க வேண்டும். அன்று மலைக்கோயில் படியில் ஏறி உட்கார்ந்து, கீழே தெரிந்த கம்பெனிக் கூரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஞாயிறும் அங்கேதான். நான்காவது வாரம், நடப்பது நடக்கட்டும், எல்லோர் எதிரிலும் சொல்லிவிடலாம் என்று கிளம்பிப் போனேன்.

மேசை சுவரில் சாத்தியிருந்தது.

"மூணு வாரமும் மஞ்சு வந்தான்," என்றார் கிஷோர். "டேபிள் போட்டு, மலையெல்லாம் வெச்சு, உங்களுக்கு எதிர்ல ஒரு நாற்காலியையும் போட்டுட்டு உக்காந்திருந்தான். நான் ஆடறேன்னு சொன்னேன். பரவால்ல, அவன் வருவான்னான். போன வாரம் சொல்லிட்டுப் போயிட்டான். அவங்க கம்பெனி புரொடக்ஷன் லைனைப் புனேவுக்கு மாத்திட்டாங்களாம், அவனும் கூடவே போகணுமாம். அன்னைக்கு ஆட்டத்துக்கு நடுவுல வந்துச்சே போன், அதுதான் அது."

படியிறங்கித் தெருவுக்கு வந்து மஞ்சுவைக் கூப்பிட்டேன். பின்னால் ரயில் நிலையமோ சந்தையோ, ஒரே இரைச்சல். வணக்கம்கூடச் சொல்லாமல் ஆரம்பித்தேன்.

"மஞ்சு, அன்னைக்கு நீ கீழ போனப்போ நான் குதிரையை அரை இன்ச் நகர்த்திட்டன்."

"கொத்து," என்றான். தெரியும் என்று அர்த்தம்.

"அப்ப ஏன் சொல்லல?"

அவன் இரைச்சலிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போனான்.

"சொன்னா நீ அடுத்த வாரம் வரமாட்டேன்னு நினைச்சேன் குரு. உன்ன விட்டா எங்கூட ஆடறதுக்கு யார் இருந்தாங்க? எப்படியும் நாலு வாரம்தான் இருந்தது எனக்கு. ஆடிட்டுப் போகலாம்னு பார்த்தேன்." பிறகு அவனே கேட்டான்: "ஊட்டா ஆய்தா?"

ஆச்சு என்றேன். ஆகவில்லை.

தசராவுக்கு வருகிறேன், ஒரு ஆட்டம் போடலாம் என்றான். வரவில்லை, லீவு கிடைத்திருக்காது. இரண்டு தீபாவளிக்கு வாழ்த்து வந்தது. அப்புறம் அந்த எண்ணுக்கு அழைத்தால் வேறு யாரோ மராத்தியில் பேசினார். கிஷோர் வெளிநாடு போய்விட்டார். அந்த வீட்டை இடித்துவிட்டு ஐந்து மாடி கட்டியிருக்கிறார்கள். ஓசூர் போனபோது பார்த்தேன், மொட்டைமாடி இருந்த உயரத்தில் யாரோ ஒருவரின் சமையலறை ஜன்னல் இருக்கிறது. நான் கம்பெனி மாறி கிருஷ்ணகிரிக்கு வந்துவிட்டேன். தனி அறைதான், இப்போது குறட்டைகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமைகள் தாமாக வந்து தாமாகப் போகின்றன. எனக்காகப் போட்ட நாற்காலிக்கு எதிரே, நான் எப்போது வருவேன் என்று மூன்று வாரம் ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தான். அதில் இரண்டு வாரம் நான் பத்து நிமிஷ நடைதூரத்தில், கோயில் படியில், கூரை எண்ணிக்கொண்டிருந்தேன்.