மாத்திரை இல்லை, பொடி

ஜெயஸ்ரீக்கு நாற்பது ஆகப்போகிறது. அடையாறில் ஒரு தனியார் ஆய்வகத்தில் இன்னும் 'ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட்'தான். மார்ச் வந்தால் ஒப்பந்தம் முடியும்; பேராசிரியர் அனந்தராமன் கையெழுத்துப் போட்டால் இன்னொரு வருஷம். கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு வீட்டிலிருந்து நடந்தே வருவாள். வரும்போதே வேலை முடிந்து போகிறவள் மாதிரி இருப்பாள்.

ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து, எழுப்பிவிட்டு, பிறகு நிறுத்திப் பார்ப்பது அவள் வேலை. ராஜ்மாவிலிருந்து எடுத்த ஒரு புரதம் பட்டால் தூங்குகிற அணு விழித்து இரண்டாகும், நாலாகும். முன்பே சாயம் ஏற்றியிருந்தால் ஒவ்வொரு முறையும் சாயம் பாதியாகும். மங்கியதைப் பார்த்தே எத்தனை முறை பிரிந்தது என்று சொல்லலாம். புதிதாகச் செய்த ஒரு சேர்மம் இந்தப் பிரிவைத் தடுக்கிறதா என்பதுதான் கேள்வி. தடுத்தால், உடம்பின் அணுக்களே மூட்டுகளை அரிக்கும் நோய்க்கு என்றைக்காவது மருந்தாகலாம்.

மூன்று பேர் ரத்தத்தில் தடுத்தது. நான்காவதில், சோதனைத் தட்டில் சேர்மமே விடாத குழியிலும் அணுக்கள் பிரியாமல் அப்படியே கிடந்தன.

"உன் கைதான்," என்றார் அனந்தராமன். "வரவர உனக்கு அசதி ஜாஸ்தியாயிடுத்து. மார்ச்சுல நான் என்னன்னு எழுதறது?"

ஜெயஸ்ரீ நான்காவது ஆளிடம் மறுபடி ரத்தம் எடுத்தாள். அன்றே கூட வேலை பார்க்கும் அனுப்ரியாவை விட்டுத் தன் கையிலும் எடுக்கச் சொன்னாள். ஒரே சாயம், ஒரே புரதம், ஒரே தட்டு. சில நாளில் அவளுடைய அணுக்கள் பெருகியிருந்தன. அந்த நான்காவது ஆளுடையவை பெருகவில்லை.

நான்காவது ஆள் வாசல் செக்யூரிட்டி லூயிஸ். சாந்தோம்காரர். சமீபமாகச் சதை போட்டிருந்தார்.

"மாமா, கன்னம் பூரி மாதிரி உப்பிடுச்சே!" என்று அனுப்ரியா போகும்போதெல்லாம் சீண்டுவாள்.

"வூட்ல கவனிப்பு கீது. உனக்கு இன்னா வயித்தெரிச்சல்?" என்பார்.

முதலில் ரத்தம் எடுக்கும் முன் ஜெயஸ்ரீ வழக்கம்போல், "மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டிருந்தாள். "மாத்திரையா? கையால தொட மாட்டேன்மா," என்றிருந்தார். இப்போது கேள்வியை மாற்றினாள்.

"மாத்திரை இல்லாம வேற ஏதாவது, அண்ணா?"

"பொடிதான். சிந்தாதிரிப்பேட்டைல ஒரு ஆளு குடுக்கறாரு. காத்தால தேன்ல கொழைச்சு ஒரு வாய். முட்டி வலி போன எடம் தெரியல."

"அதை ஏன் சொல்லல?"

"நீ மாத்திரைதானே கேட்ட? இது வெறும் வேரும்மா."

"வேர் இவ்ளோ சீக்கிரம் கேக்காது. ஸ்டீராய்டு கலந்திருப்பாங்கன்னு நெனக்கிறேன். உங்க ரத்தமே தூங்குது. முகம் வீங்கறதும் அதனாலதான் இருக்கும்."

அவளும் அந்தப் பூரிக் கிண்டலைக் கேட்டுச் சிரித்தவள்தான். லூயிஸ் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"யாராண்டயும் சொல்லிடாதம்மா. முட்டி போன ஆளுன்னு தெரிஞ்சா ஏஜென்சில தூக்கிடுவான்."

அனந்தராமன் தட்டிலிருந்து எடுத்த இரண்டு படங்களையும், அவளுடையதையும் நான்காவது ஆளுடையதையும், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார்.

"ரத்தம் குடுத்த டோனர் ஏதோ மருந்து சாப்ட்டிருக்கார் சார். நான்காவதை நீக்கிடணும்."

"யாரு அது?"

"பேருக்குப் பதிலா கோட் நம்பர்தான் சார் இருக்கு."

"பேரைச் சொல்லேன், நானே கேட்டுண்டு வரேன். இல்லேன்னா உன் வார்த்தையை மட்டும் நம்பி நான் எப்படி ஒரு வருஷம் போடறது?"

அவர் எழுந்து கேட்கப்போனால் லூயிஸ் நிற்கும் வாசல்வரை முப்பதடிதான்.

"பேர் சொல்லமாட்டோம்னு எழுதி நீங்கதான் சார் கையெழுத்து போட்டீங்க," என்றாள். குரல் அவளுக்கே கேட்காத அளவில் இருந்தது.

அவர் படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தார். "உன் செல் பிரிஞ்சிருக்கு, அது வாஸ்தவம். மூணு மாசம் போட்டுத் தரேன். வேற டோனர் பாரு. அப்புறம் யோசிக்கலாம்."

மூன்று மாதம். அதற்கும் நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

வாசலில் லூயிஸ் எழுந்து நின்றார். முட்டி சத்தம் போடவில்லை. பொடி இன்னும் வேலை செய்தது.

"இன்னாமா, சொல்லிட்டியா?"

"இல்ல. நாளைக்கு லீவு போடுங்க, பெரியாஸ்பத்திரிக்குப் போறோம். அதுவரைக்கும் பொடியைச் சட்டுனு நிறுத்திடாதீங்க, அதுவும் ஆபத்து."

"நிறுத்திட்டா அப்பால நான் எப்படிம்மா நிக்கறது?"

அவள் அவருடைய பிளாஸ்டிக் நாற்காலியைப் பின்னாலிருந்து இழுத்துப் போட்டு, "இப்போதைக்கு உக்காருங்க," என்றாள்.