சாம்பல் நிறத்தில் எங்கள் தொகுதி

அந்த மாகாணத் தேர்தல் முடியும் வரைக்கும் காலையில் கண் முழித்ததும் நான் பார்த்தது மனைவியின் முகத்தையும் இல்லை, சாமிப்படத்தையும் இல்லை. போனில் ஒரு வரைபடம். வருகிற கருத்துக்கணிப்பு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, எந்தத் தொகுதி எந்தக் கட்சிக்குப் போகும் என்று நிறம் தீட்டிக் காட்டுகிற ஓர் இணையத்தளம். காலையில்தான் புதுக் கணக்குப் போடுவார்கள். ஒன்ராறியோ மாகாணத்தின் பெரும்பகுதிக்கு ஏதோ ஒரு நிறம் இருந்தது. மோர்னிங்சைட்டில் நாங்கள் இருக்கிற தொகுதி சாம்பல். சாம்பல் என்றால் யாருக்கும் போகலாம், எங்களுக்குத் தெரியாது என்று அர்த்தம். தெரியாது என்று சொல்வதற்கும் ஒரு நிறம் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு அரசியலில் ஒரு மண்ணும் அக்கறை இருந்ததில்லை. முந்திய தேர்தல்களில் வேலை முடிந்து வருகிற வழியில் வரிசை நீளமாக இருந்தால் அப்படியே வீட்டுக்கு வந்துவிடுவேன். இந்த முறை மகளுக்காகப் பார்த்தேன்.

அவளுக்கு இருபத்துநாலு வயது. பிறக்கும்போதே அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளை. கதைப்பது கொஞ்சம், விளங்குவது நிறைய. இந்தக் கனடாவில் அப்படியான பிள்ளைகளுக்கு இருபத்தொரு வயது வரைக்கும் பள்ளிக்கூடம் இருக்கிறது. அதற்குப் பிறகு நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிடுவார்கள். நாங்கள் நாயாய் அலைந்து, பக்கத்தில் ஒரு பகல் நிலையத்தில் இடம் எடுத்தோம். காலையில் வான் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். பின்னேரம் வேலை முடிந்து வருகிற வழியில் நான் ஏற்றிக்கொண்டு வருவேன். அங்கே படம் கீறுவார்கள், நீந்தக் கூட்டிக்கொண்டு போவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தி மேசைகளைத் துடைப்பது என் மகளின் பொறுப்பு. வேறு யாரும் அந்தத் துணியைத் தொட்டால் சண்டை. "மை ஜொப்" என்பாள். வாழ்க்கையில் அவளுக்கு என்று இருந்தது அந்த மேசைகள்தான்.

அந்த நிலையம் மாகாண அரசாங்கத்தின் காசில் ஓடியது. இலையுதிர் காலத்தில் பெற்றோரைக் கூப்பிட்டு, வருகிற கோடையோடு காசு நிற்கிறது, நிலையத்தை மூடப்போகிறோம் என்று சொன்னார்கள். சொன்ன பெண்ணைப் பிடித்து ஏசினேன். அவளுக்கும் அதோடு வேலை போகிறது என்று பிறகுதான் தெரிந்தது. குளிர் காலத்தில் தேர்தலை அறிவித்தார்கள். எதிர்க்கட்சிக்காக எங்கள் தொகுதியில் நின்ற பெண் பனிக்குள் வீடு வீடாக வந்தாள். எங்கள் வாசலில் நின்று, நாங்கள் ஆட்சிக்கு வந்தால் அந்த நிலையத்தை மூடவிட மாட்டோம் என்றாள். வாசலுக்கு முன்னால் தன் பெயர்ப் பலகை ஒன்றை நடலாமா என்றும் கேட்டாள். நான் ஓம் என்று வாயெடுக்க, பின்னால் நின்ற மனைவி என் ஸ்வெற்றரைப் பிடித்து இழுத்தாள்.

"போர்டு ஒண்டும் வேண்டாம்," என்றாள் கதவைச் சாத்திய பிறகு. "தெருவால போறவனுக்கெல்லாம் நாங்கள் ஆரின்ர பக்கம் எண்டு ஏன் காட்ட வேணும்?"

சரி, பலகைதானே, போகட்டும் என்று விட்டேன்.

அன்றிலிருந்துதான் வரைபடத்துக்கு அடிமையானேன். அஜக்ஸ் பக்கம் ஒரு பண்டகசாலையில் போர்க்லிப்ட் ஓட்டுகிறேன். இடைவேளைக்கு இடைவேளை போனை எடுப்பேன். காலையில் போட்ட கணக்கு மத்தியானம் மாறாது என்று தெரியும். தெரிந்தும் பார்ப்பேன். எங்கள் ஆட்கள் ஒரு புள்ளி ஏறினால் பசிக்கும். இறங்கினால் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுபோவேன். நான் பார்ப்பதால் ஏறப்போவதும் இல்லை, பார்க்காவிட்டால் இறங்கப்போவதும் இல்லை. ஒன்றும் செய்ய ஏலாதவன் வேறு என்ன செய்வது?

கணிப்பு எடுக்கிறவர்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம். யாரைக் கேட்கிறார்கள்? என்னை ஒருவனும் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல ஆயத்தமாக இருந்தேன். தெரியாத நம்பர் என்றால் எடுக்காத நான், அந்த மாதம் வந்த அழைப்பு எல்லாவற்றையும் எடுத்தேன். எல்லாம் வீட்டுக் காற்றுக் குழாய் துப்பரவு செய்து தருகிறோம் என்கிற கூட்டம். ஒருத்தனிடம், "நீ தேர்தலைப் பற்றிக் கேட்க மாட்டியா?" என்று இங்கிலீசில் கேட்டேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சேர், உங்கள் வீட்டில் எத்தனை அறை?" என்றான்.

கடைசியில் அந்த அழைப்பு எங்கள் வீட்டுக்கு வந்தே விட்டது. நான் வேலையில். வீட்டு ரெலிபோனில் மனைவி எடுத்திருக்கிறாள். இரவுச் சாப்பாட்டில் புட்டுக்குக் கறி விட்டபடி, "இண்டைக்கு ஒரு பெட்டை போன் எடுத்து எந்தக் கட்சிக்குப் போடுவியள் எண்டு கேட்டவள்," என்றாள்.

எனக்குக் கை நின்றுவிட்டது. "என்ன சொன்னனீர்?"

"இப்ப இருக்கிற அரசாங்கத்துக்குத்தான் எண்டு சொன்னன்."

"உமக்கென்ன விசரோ?"

"கத்தாதேங்கோ. கேட்டவள் ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமோ? வீட்டு நம்பர் வைச்சிருக்கிறாள். பிள்ளை போற இடம் அவையின்ர காசில ஓடுது. நான் மாறிச் சொல்ல, பிள்ளையின்ர பேருக்குப் பக்கத்தில இதையும் எழுதி வைச்சிட்டினமெண்டால்?"

"அப்பிடி எழுதிறேல்லை இஞ்ச. அது கொம்பனிக்காரர். பேரே கேக்கமாட்டினம்."

"பேர் தெரியாமல் வீட்டு நம்பரை என்னெண்டு எடுத்தவை? ஊரில சண்டை நேரம் வாசலில ஆர் வந்து கேட்டாலும் என்ன சொன்னனாங்கள்? வந்து நிக்கிறவன் ஆரோ அவன்ர பக்கம். அப்பிடிச் சொல்லித்தானே உயிரோட இஞ்ச வந்து சேர்ந்தனாங்கள்."

"நான் ஒரு மாதமாப் பாத்துக்கொண்டிருக்கிற கணக்கில நீர் அவங்களைச் சேத்து விட்டிருக்கிறீர்!"

மேசையில் அடித்துவிட்டேன். மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "நோ ஷவுட், அப்பா, நோ ஷவுட்" என்றாள். நான் எழும்பிப் போய்க் கையைக் கழுவினேன். அடுத்த நாள் காலை ஆளும் கட்சி ஒரு புள்ளி ஏறியிருந்தது. இது உன்னால் என்று மனைவியின் முகத்துக்கு முன்னால் போனை நீட்டினேன். "நான் ஒராள் சொல்லி ஒன்ராறியோ ஏறிச்சுதோ?" என்று கேட்டுவிட்டு அவள் தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

அன்று பின்னேரம் மகளை ஏற்றப் போனபோது, அங்கே வழக்கமாகச் சந்திக்கிற தகப்பன் ஒருவரிடம் இதைச் சொல்லிக் கொதித்தேன். மன்னார்ப் பக்கத்து முஸ்லிம் ஆள். குளியலறைகளுக்கு மாபிள் பதிக்கிற வேலை. அவருடைய மகனும் என் மகளும் ஒரே வான் வண்டியில்தான் போகிறவர்கள். நான் சொல்லச் சொல்ல அவர் வேறெங்கோ பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"என்ன சிரிக்கிறீர்?"

"எங்கட வீட்டுக்கும் எடுத்தவங்கள் அண்ணை. நானும் அவங்களைத்தான் சொன்னன்."

"நீருமோ?"

"நான் மட்டுமோ? வீட்டுக்காரி பக்கத்தில நிண்டு, 'நல்லாச் செய்யினம் எண்டும் சேத்துச் சொல்லுங்கோ' எண்டவ. நான் அதையும் சொன்னன். என்ன செய்யிறது, பிள்ளையின்ர விசயம்."

"வோட்டு?"

"வோட்டு வேற. அது மறைப்புக்குள்ளயெல்லோ."

அவர் இன்னும் இரண்டு பெற்றோரைக் காட்டினார். அவர்களும் அப்படித்தானாம். எனக்கு முதலில் எல்லாரையும் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. காரில் ஏறி மகளுக்குப் பெல்ற் போட்டுவிடும்போதுதான் மண்டைக்குள் ஏதோ வெளித்தது. இத்தனை பேர் பொய் சொல்லியிருந்தால், அந்த வரைபடமே பொய். எங்கள் சனம் இந்த ஸ்காபரோப் பகுதி முழுக்க இருக்கிறது. பயந்த சனம் எங்கள் சனம் மட்டும் இல்லை, நாடு நாடாக ஓடிவந்த எல்லாச் சனமும் போனில் இப்படித்தான் சொல்லியிருக்கும். வாக்குப் பெட்டிக்குள் வேறு போடும். அப்படியென்றால் நாங்கள் பின்னால் இல்லை. முன்னால் நிற்கிறோம்.

அதன் பிறகு எனக்குப் பைத்தியம் வேறு மாதிரி முற்றியது. ஆளும் கட்சி ஏற ஏறச் சந்தோசப்பட்டேன். பார், பொய் எவ்வளவு கூடுது என்று மனைவியிடம் காட்டுவேன். "அப்ப நான் செய்தது நல்லதுதானே," என்று அவளும் கேட்டாள். போனை மூடி வைத்தேன்.

வாக்குப்போடும் நாள் மூன்று பேரும் போனோம். ஒரு பள்ளிக்கூட விளையாட்டு மண்டபம். நிலமெல்லாம் சப்பாத்துப் பனி உருகி ஈரம். மகளுக்கும் வாக்கு இருக்கிறது. உதவிக்கு நான் கூடப் போகலாமா என்று அங்கே இருந்தவரைக் கேட்டேன். அவர் மகளைப் பார்த்து, உனக்கு உதவி வேண்டுமா என்று கேட்டார். "நோ" என்று மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னாள். மறைப்புக்குப் பின்னால் கனநேரம் நின்றாள். சீட்டைச் சின்னஞ் சின்னதாக மடித்துக்கொண்டு வந்து கொடுத்தாள். ஆருக்குப் போட்டாய் என்று காரில் கேட்டேன். "மைன்" என்றாள். அவ்வளவுதான்.

வாக்குப்பதிவு முடிந்து நாங்கள் சாப்பிட்ட கோப்பை கழுவ முந்தியே ரீவியில் சொல்லிவிட்டார்கள். அதே அரசாங்கம், திரும்பவும். அந்த வரைபடம் சொன்னபடியே, நிறம் மாறாமல். அதிலிருந்து கொஞ்ச நேரத்தில் எங்கள் தொகுதி வந்தது. சாம்பல் போய் நிறம் விழுந்தது. எங்கள் பெண் வென்றுவிட்டாள்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "வெண்டிட்டாவோ? அப்ப சென்ரரை மூடமாட்டினம்?"

"இவ வெண்டிட்டா. இவவின்ர கட்சி தோத்துப் போச்சு."

"அப்ப?"

"மூடுவினம்."

"பிறகென்னத்துக்கு இவ வெண்டவ?"

முழு மாகாணத்திலும் கணக்குப் பிழைக்கவில்லை. பொய் சொன்ன நாங்கள் இருந்த இடத்தை மட்டும்தான் அதற்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் ஒன்றும் ஆகவில்லை.

வென்ற அந்தப் பெண் பொய்க்காரி இல்லை. அதையும் சொல்லவேண்டும். நிலையத்தின் கடைசிக் கிழமையில் வந்தாள். சட்டசபையில் கேள்வி கேட்டேன், பார்க்கிறோம் என்றார்கள் என்று சொன்னாள். கண் கலங்கியிருந்தது. ஏச வேண்டும் என்றுதான் போனேன். அவளைப் பார்த்தால் அவளும் என்னைப் போலக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள். என் மகள் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அவள் கை வைத்திருந்த மேசையைத் துடைத்தாள்.

மூடிவிட்டார்கள். மனைவி பிஸ்கட் பக்டரி வேலையை விட்டுவிட்டு வீட்டில் நிற்கிறாள். மகள் ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்றில்லை, எங்கள் சாப்பாட்டு மேசையைத் துடைக்கிறாள். காய்ந்த மேசையைத் துடைக்கிறாள். இருக்கிறது ஒரு மேசைதானே. அஜக்ஸில் இன்னொரு நிலையம் இருக்கிறது. பெயர் கொடுத்திருக்கிறோம். காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். எவ்வளவு காலம் என்று சொல்லவில்லை. அதுவும் மாகாணத்தின் காசுதான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை என் கைப்போன் அடித்தது. தெரியாத நம்பர். பழக்கத்தில் எடுத்தேன். மனிதர் இல்லை, பதிவு செய்த குரல். ஒரு குறுகிய கருத்துக்கணிப்பு, மாகாண அரசாங்கத்தின் செயற்பாடு பற்றி என்றது. தேர்தல் நேரம் முழுக்க நான் காத்துக் கிடந்த அழைப்பு. சொல்ல வேண்டியது எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. மகள் பக்கத்தில் மேசையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். குரல் சொல்லிக்கொண்டே போனது. மிகவும் திருப்தி என்றால் ஒன்றை அழுத்தவும். ஓரளவு திருப்தி என்றால் இரண்டு. நான் சொல்ல நினைத்ததற்கு அதில் இலக்கம் இல்லை. மிகவும் அதிருப்தி என்பதற்கு நான்கு இருந்தது. விரலை நான்குக்குக் கொண்டுபோனேன்.

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன் போல. மனைவி குசினி வாசலில் வந்து நின்றாள்.

"இஞ்சருங்கோ," என்றாள் மெதுவாக. "அஜக்ஸில பேர் குடுத்துக் கிடக்கு."

"உதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை எண்டு எத்தினை தரம் சொல்லிப் போட்டன்?"

"இல்லைத்தான். இருந்தாலும்."

குரல் முதலிலிருந்து திரும்பச் சொல்லத் தொடங்கியது. நான் ஒன்றை அழுத்தினேன்.

மனைவி உள்ளே போனாள். சில நாள் கழித்துப் பழைய பழக்கத்தில் அந்த இணையத்தளத்தைத் திறந்தேன். புதுக் கணிப்பு ஒன்று வந்திருந்தது. அரசாங்கத்தில் திருப்தி உள்ளவர்கள் கூடியிருக்கிறார்களாம். அதில் நானும் ஒருவன்.