முதலில் சாகிறவனுக்கு வீடு காட்டமாட்டார்கள்

கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் மில் ஒன்றில் நான் ஷிப்டு இன்சார்ஜ். கெட்ட வாய், முன்கோபம். யார் வேண்டுமானாலும் சொல்வார்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஞாயிறு மத்தியானம் என் வீட்டு டிவியில் பழைய இங்கிலீஷ் வெட்டுக்குத்துப் படம் ஓடும், தமிழ் டப்பிங்கில். முகமூடிக்காரன் ஒருத்தன், கும்மாளம் போட வந்தவர்களை ஒவ்வொருவராகக் கிழித்துப் போடுவான். கிரேன் ஓட்டும் என் மச்சானும், மில்லில் கான்ட்ராக்டில் இருந்த ஒடிசாக்காரனும் கூட உட்கார்ந்து பார்ப்பார்கள். மூன்று வருஷப் பழக்கம்.

ஒரு ஞாயிறு மச்சான் பந்தயம் கட்டினான். யார் முதலில் சாவான் என்று சொல்ல வேண்டும், தோற்றவன் பஜ்ஜி வாங்கணும். நான் குடிகாரனைச் சொன்னேன். மச்சான் அந்தக் குட்டைப் பாவாடைக்காரியைச் சொன்னான். ஒடிசாக்காரன், கூட்டத்தில் இருந்த ஒரே கறுப்பு ஆளை நோக்கி விரலை நீட்டினான். கால் மணி நேரத்தில் அந்த ஆளின் கழுத்தில் கோடாலி இறங்கியது. நானும் கரி நிறம்தான். ஆனாலும் கைதட்டினேன்.

"எப்பிடிபா கரெக்டா சொன்னே?" என்றான் மச்சான்.

"அண்ணே, மத்தவன்க்கு வீடு காட்றான், அம்மா காட்றான், லவ் காட்றான். இவன்க்கு ஒண்ணும் காட்டல. ஜோக் மட்டும் சொல்றான். அப்போ செத்துடுவான்."

"அடேங்கப்பா, பெரிய டைரக்டரு இவுரு!" என்று சிரித்தேன்.

மறுநாள் காலை ஷிப்டில், உருளையின் வாயில் சிவக்கக் காய்ந்த கம்பி சிக்கிக்கொண்டது. மெஷினை நிறுத்திவிட்டுத்தான் எடுக்கவேண்டும் என்று சுவரில் எழுதியே இருக்கிறது. நிறுத்தினால் உற்பத்தி படுத்துவிடும், மேலே இருப்பவர்கள் என் தோலை உரிப்பார்கள். அதனால் எங்களுக்கு ஒரு வழக்கம். மெஷின் ஓட ஓட ஒருத்தன் இடுக்கியோடு போய் இழுப்பான். அந்த ஒருத்தன் எப்போதும் வெளி மாநிலத்துக்காரன். உள்ளூர்க்காரனுக்கு ஏதாவது ஆனால் சொந்தபந்தம் கேட்டில் வந்து நிற்குமே!

"ஏய் பையா, போ, சீக்கிரம்!" என்று ஒடிசாக்காரனை நோக்கி விரலை நீட்டினேன். அவன் என் விரலை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனான்.

இடுக்கி பட்டதும் கம்பி எகிறியது. சுருண்டு வந்து அவன் வலது காலைச் சுற்றியது. பேண்ட் எரிந்தது, தோல் எரிந்தது, முழங்காலுக்குக் கீழே சதை வெந்து எலும்பு தெரிந்தது. மோட்டார் சத்தத்தை மீறி அலறினான். அப்புறம்தான் மெஷினை நிறுத்தினேன். ஐயோ, அந்தப் பட்டனை அழுத்த ஒரு விநாடிகூட ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில், உயிர் நிற்பதே சந்தேகம், வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டர். கவுண்டரில் இருந்த அம்மா பேனாவை எடுத்தார்.

"பேரு இன்னாங்க?"

"பையா."

"அது வடக்கத்தி ஆளுங்க எல்லாரையும் கூப்புடுறதுதான். இவுரு பேரு?"

மச்சானைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"சரி, ஊட்ல யாரு கீறாங்க? பொண்டாட்டி, புள்ள?"

மூன்று வருஷம் என் வீட்டில் சோறு தின்றவன். வெட்கமாக இருந்தது, செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

பிழைத்துக்கொண்டான். காலை எடுத்துவிட்டார்கள். நான்காம் நாள் கட்டிலருகே நின்று, "உன் பேரு இன்னாபா?" என்று கேட்டேன்.

சுவரைப் பார்த்தபடியே சொன்னான்: "இப்போ எதுக்கு, அண்ணே?"